பெரியப்பாவும் சிவப்பு முனையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், முன்பு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியாக இருந்த தகரக் கொட்டகை ஒன்றில் அந்தத் தொழிற்பயிற்சி நிலையம் நடந்துகொண்டிருந்தது. மூன்று லேத்துகள், அதாவது கடைசல் இயந்திரங்கள், இருந்தன. ஒன்று ஓடும். இன்னொன்று, ஓடுகிற லேத்துக்கு உதிரி பாகம் தருவதற்காக நின்றது. மூன்றாவதன் மேல் பயிற்றுநர் ராமசாமி சார் தன் சாப்பாட்டு கேரியரை வைப்பார்.

இவை தவிர அங்கே பெரியப்பா இருந்தார்.

பெரியப்பா ஒரு பித்தளைப் புஷ். அதாவது, நடுவில் துளை போட்ட தடித்த பித்தளை உருளை. சுழலும் தண்டு ஒன்று ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்து சுற்றுவதற்கான வீடு. கடைசல் படிப்பவர்களின் செய்முறைத் தேர்வே அதுதான்: லேத்தில் ஒரு புஷ் கடைந்து, உள்ளே சரியாக இருபத்தைந்து மில்லிக்குத் துளை போட வேண்டும். ஒரு தலைமுடியை நாலாகப் பிளந்தால் வருகிற அளவு கூடலாம். குறையவே கூடாது. எந்தக் காலத்திலோ எந்த மகராசனோ அப்படி ஒன்றைச் சரியாகச் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு அங்கே வேறு யாரும் செய்யவில்லை. அவசியம் ஏற்படவில்லை.

ஏற்பாடு எளிமையானது. தேர்வாளர் அலுவலக அறையில் உட்கார்ந்து டீ குடிப்பார். முதல் மாணவன் பெரியப்பாவின் முகத்தில் தன் தேர்வு எண்ணை அச்சு வைத்துக் குத்தி, உள்ளே கொண்டுபோய்க் காட்டுவான். தேர்ச்சி. பெரியப்பா பின்பக்க ஜன்னல் வழியாகப் பட்டறைக்குத் திரும்புவார். லேத்தில் மாட்டி முகத்தை மெல்லிசாக ஒரு சீவு சீவினால் பழைய எண் போய்விடும். அடுத்தவன் தன் எண்ணைக் குத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தேர்ச்சிக்கும் பெரியப்பா கொஞ்சம் குட்டையானார். பாடப் புத்தகத்தில் புஷ்ஷின் நீளம் அறுபது மில்லி. ராமசாமி சார் வருடா வருடம் பெரியப்பாவை அளந்து பார்த்து, கரும்பலகையில் படம் வரைந்து, அந்த நீளத்தையே எழுதிவிடுவார். இந்த வருடம் பத்தொன்பது.

"படத்துக்குத் தகுந்த மாரி வேல செய்யறது பெரிசில்லப்பா," என்பார். "வேலைக்குத் தகுந்த மாரி படம் போடணும். அதாம் அனுபவம்."

நிலையத்துக்கு மானியம் வர வேண்டுமானால் ஒரு பெண்ணையும், ஒதுக்கீட்டில் வருகிற ஒருவரையும் சேர்த்திருக்க வேண்டும் என்று விதி. செல்லியம்மாள் ஒருத்தியே இரண்டு கட்டத்தையும் நிரப்பியதால் நிலையத்துக்கு ஒரு ஸ்டூல் மிச்சம். மலையடிவாரத்து ஊரிலிருந்து பாவாடை தாவணியில் பஸ் ஏறி வந்து, ஸ்டோர் ரூமில் அண்ணனின் பழைய பேன்ட்டுக்கு மாறி, பின்னலைத் துண்டுக்குள் சுருட்டிக் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் நுழைவாள். நுழைந்ததும் அவள் கையில் துடைப்பம் கொடுக்கப்படும்.

துடைப்பம் தினசரி வேலை. வருடாந்திர வேலை, தேர்வுக்கு முன் பெரியப்பாவைத் துலக்குவது. அவள் அம்மா பாப்பாத்தி சீசனில் கல்வராயன் மலைக்குப் புளி உலுக்கக் கூலிக்குப் போகிறவள் என்று ராமசாமி சாருக்குத் தெரியும். "மலைப் புளி ஒரு உருண்ட எடுத்தாந்துடு செல்லி. கூட கொஞ்சம் செங்கத்தூளு. பொம்பளப் புள்ள கை, தேய்ச்சா தங்கம் மாரி ஆவும்." வீட்டில் பொங்கலுக்கு அண்டா துலக்குவது போல, அவள் பெரியப்பாவை வெளியேயும் உள்ளேயும் தேய்த்துக் கழுவி, கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவாள். அவளுக்கு முன்னால் வேறு யார் யாரோ அதே புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தார்கள்.

அது இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் ஊர்வலம் போன வருடம். மாணவர்களில் அன்புச்செல்வன் முக்கியமானவன். தியாகதுருகம் பக்கம் நிலபுலன் உள்ள வீடு. சொந்தமாக ஒரு மொபெட். கொடி கட்டுவதற்கு மொபெட்டில் தனியாக ஒரு கம்பி. காலையில் 'எங்கள் பங்கு எங்களுக்கு வேண்டும்' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, மதியம் பட்டறைக்கு வந்து செல்லியைப் பார்த்து, "இன்னா கோட்டா, சாப்ட்டியா?" என்பான். இரண்டுக்கும் நடுவில் ஏதோ இடிக்கிறது என்று அவனுக்குத் தோன்றியதில்லை. செல்லிக்குத் தோன்றியது.

"நீ இன்னாத்துக்குக் கத்திட்டு வர்ற?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கோட்டாவுக்கு."

"கெடச்சா உன்ன இன்னான்னு கூப்புடறது?"

அன்புச்செல்வன் யோசித்தான். "அது வேற, இது வேற," என்றான். அந்தக் காலத்தில் பெரிய பெரிய மேடைகளிலும் அதே பதில்தான் சொல்லப்பட்டது என்பதால் அவனைக் குறை சொல்ல முடியாது.

போராட்டம் யாருக்கு எதை வாங்கிக் கொடுத்ததோ, செல்லிக்கு லேத்தை வாங்கிக் கொடுத்தது. பையன்கள் ஊர்வலத்துக்குப் போனார்கள். ராமசாமி சார் ஊர்வலத்தைப் பற்றிப் படிக்க டீக்கடைக்குப் போனார். ஓடுகிற லேத்து தனியாக நின்றது. செல்லி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

லேத்தில் வெளிப்புறம் கடைவது கண் முன்னால் நடக்கிற வேலை. துளையைப் பெரிதாக்குவது அப்படியல்ல. சுழலும் உலோகத்தின் வயிற்றுக்குள் ஒரு கம்பியை விட வேண்டும். அந்தக் கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன அலகு உள்ளே என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் பார்க்க வேண்டும். டிராக்டர் அச்சின் உடைந்த துண்டுகள் மூலையில் கிடந்தன. அவற்றில் டிரில்லால் சின்னத் துளை போட்டுக்கொண்டு பழகினாள்.

முதல் துண்டில் அவளுக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்பதே தலைகீழாகிவிட்டது. வெளியே கடையும்போது கைப்பிடியைச் சுற்றி அலகை எதிர்ப்பக்கம் தள்ளினால் உலோகத்தில் இறங்கும். உள்ளே அதற்கு நேர்மாறு. தன் பக்கம் இழுத்தால்தான் துளை பெரிதாகும். அவள் பழக்கத்தில் தள்ளினாள். கம்பியின் முதுகு போய்த் துளையின் எதிர்ச் சுவரில் உரசி, லேத்து முழுக்க உதறியது. இரண்டாவது துண்டில் கம்பியை வேண்டிய நீளத்துக்கு மேல் வெளியே நீட்டிக் கட்டிவிட்டாள். அது மணலூர்பேட்டைச் சந்தையில் பன்றி கத்துவது போலக் கத்தியது. துளைக்குள் பார்த்தால் அலை அலையாக இருந்தது. கம்பியைத் துளையின் ஆழத்துக்கு மேல் ஒரு விரல்கடை மட்டும் விட்டுக் கட்டியதும் கத்தல் நின்றது.

மூன்றாவது துண்டு அவளை அழ வைத்தது. அளவு சரியாக வந்திருந்தது. மைக்ரோமீட்டரில் இருபத்தைந்து வைத்து, அதற்குள் உள்காலிப்பரின் இரண்டு கால்களையும் பொருத்தி, அதைத் துளைக்குள் விட்டுப் பார்த்தாள். லேசாக உரசிக்கொண்டு போனது. அப்படியே விட்டிருக்கலாம். மெருகு வரட்டும் என்று, கைப்பிடியைத் தொடாமல், இன்னொரு தடவை அலகை உள்ளே விட்டு எடுத்தாள். துளை பெரிதாகிவிட்டது.

கைப்பிடியைத் தொடவே இல்லையே என்று அவள் லேத்தோடு சண்டை போட்டாள். இன்னும் இரண்டு துண்டுகளைப் பாழாக்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கம்பி வெட்டும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. வளைந்த அளவுக்கு உலோகம் உள்ளே மிச்சம் நிற்கிறது. அடுத்த தடவை எதிர்ப்பு குறைவு. கம்பி நிமிர்ந்துகொண்டு, போன தடவை விட்டதையும் எடுத்துக்கொண்டு வருகிறது.

"வளஞ்சி குடுத்தத மறக்க மாட்ற பாரு நீ," என்று அவள் அந்தக் கம்பியிடம் சொன்னாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போனது.

தேர்வு நெருங்கியதும் ராமசாமி சார் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

"லேடீஸ் நீ ஒருத்திதான். பெரியப்பாவ முதல்ல உங்கையில குடுத்துடறன். காட்டிட்டு வூட்டுக்குப் போய்ச் சேரு. உங்க ஆளுங்களுக்கு இதுல எல்லாம் எதுக்கும்மா கஷ்டம்?"

"நான் போட்டத காட்றன் சார்."

"இன்னாது போட்ட?"

"துளை சார்."

ராமசாமி சார் சிரித்தார். வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்த சென்னைப் பக்கத்துப் பம்புக் கம்பெனியை நினைவுபடுத்தினார். தேறினால் அங்கே இடம். இல்லாவிட்டால் இல்லை. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

வீட்டிலும் அதையேதான் பாப்பாத்தி வேறு மாதிரி சொன்னாள். "ஆல தொறக்கப் போவுது. கரும்பு வெட்ற ஆளுங்களோட உன் பேரயும் சேத்துச் சொல்லி வெச்சிருக்கறன். தேறலன்னா கத்தியத் தூக்கிக்கினு வந்துரு."

"தேறுவன்."

"சார் குடுக்கறத வாங்கிக்கினு போய்க் காட்னா தேறுவ. எல்லாரும் அப்டித்தானடி தேறுறானுங்க?"

"அவனுங்க காட்னா அது பாஸு. நான் காட்னா அது தயவு."

"தயவுன்னா இன்னா, கசக்குமா?"

"ஆமா."

மறுநாள் சாயங்காலம் பாப்பாத்தி, தான் வேலை பார்த்த தோட்டத்தில் பம்புசெட்டைப் பிரித்தபோது கழற்றி எறிந்த பழைய பித்தளைப் புஷ் ஒன்றைப் புல்லுக்கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கை நிறையக் கனம். துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. ஆனால் இருபத்தைந்தை விடச் சின்னது. நீளமோ அறுபதுக்கு மேல்.

"பழைய சாமான்காரன் வர்றதுக்குள்ள எடுத்தாந்தன். கெடுத்துடாத. இன்னொன்னு வேணும்னா அவங்க இன்னொரு கெணறு வெட்டணும்."

தேர்வாளர் அரங்கநாதன் விழுப்புரத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார். கடைசி பஸ் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. விடிந்தபோது தியாகதுருகம் சாலையில் போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. சங்கராபுரம் சாலையிலும் கிடந்தன. வண்டி எதுவும் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை. வழக்கமாக அவர் ராத்திரி லாட்ஜில் தங்கி, காலையில் நிலையத்துக்கு வந்து, புஷ்களைப் பார்த்து, கோழிக்குழம்பு சாப்பிட்டு, மதிய பஸ்ஸில் ஏறிவிடுகிறவர். இப்போது லாட்ஜ் அறையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராமசாமி சார் அவருக்குத் துணையாக அதே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் மரங்களுக்குக் காவல் இருக்கப் போய்விட்டார்கள்.

செல்லி கோமுகி வாய்க்கால் கரையோடு நடந்தே பட்டறைக்கு வந்தாள்.

பித்தளையை லேத்தின் சக்கில், அதாவது சுழலும் தாடையில், இறுக்கினாள். பழைய துளை மையம் தப்பி இருந்ததால், சுழலவிட்டதும் துளை மட்டும் நொண்டியது. டிரில்லை விட்டிருந்தால் அது பழைய துளை போன வழியிலேயே நொண்டிக்கொண்டு போயிருக்கும். கம்பி அப்படிச் செய்யாது. பழைய துளை எங்கே இருந்தது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. லேத்து சுற்றும் மையம் ஒன்றைத்தான் அது மதிக்கும். முதல் சுற்றில் ஒரு பக்கம் மட்டும் வெட்டியது: டக், டக், டக். போகப் போக டக் நெருங்கி, கடைசியில் ஒரே சீரான ஓசையாயிற்று. துளை வட்டமாகிவிட்டது என்று காது சொன்னது. பித்தளைத் தூள் தினை மாதிரி அவள் கைமேல் கொட்டியது.

அளவை நெருங்கியதும் லேத்தை நிறுத்தினாள். புஷ் சூடாக இருந்தது. சூட்டில் அளந்தால் துளை பெரிதாகக் காட்டி ஏமாற்றும்; அதற்கும் அவள் முன்பே ஒரு துண்டைப் பறிகொடுத்திருந்தாள். தூக்குவாளியைத் திறந்து கூழைக் குடித்தாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். மலை வழக்கம் போல இருந்தது. புஷ் ஆறிவிட்டதா என்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னத்தில் கை வைத்துப் பார்ப்பது போலத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தாள். கொஞ்சம். மிகவும் கொஞ்சம். அலகை உள்ளே விட்டு எடுத்தாள். அளக்கவில்லை. கைப்பிடியைத் தொடாமல் மறுபடி விட்டாள், தூள் வந்தது. மறுபடி விட்டாள், புகைபோலக் கொஞ்சம் வந்தது. கம்பி தான் வளைந்து கொடுத்ததையெல்லாம் வசூலித்து முடித்து, இனி வருவதற்கு எதுவும் இல்லை என்று ஆகும் வரை விட்டாள். பிறகு காலிப்பரை உள்ளே விட்டாள். உரசிக்கொண்டு போனது, வாயிலும் அப்படி, நடுவிலும் அப்படி, கடைசியிலும் அப்படி.

புஷ்ஷின் முகத்தைச் சீவி நீளத்தை அறுபதுக்குக் கொண்டுவந்து, அதில் தன் எண்ணைக் குத்தினாள். பதிமூன்று.

பெரியப்பாவுக்குப் புளி போடும் வேலை பாக்கி இருந்தது. துலக்கி முடித்து, சும்மா ஒரு ஆசைக்கு, அதே காலிப்பரை அவருக்குள்ளும் விட்டுப் பார்த்தாள். லொடலொட என்று ஆடியது. செல்லி மிச்சம் இருந்த செங்கல் தூளைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளும் சாலை திறக்கவில்லை. அரங்கநாதன் லாட்ஜில் இருந்த பழைய செய்தித்தாளைத் திரும்பத் திரும்பப் படித்து, காலண்டரின் பின்பக்கத்தையும் படித்து முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் தேர்வு நடத்த வந்தார். பையன்கள் மரத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

முதலில் அன்புச்செல்வன் போனான். அவன் எண் பதினொன்று. அரங்கநாதன் அளவுமானியை எடுத்தார். அது இரண்டு முனை உள்ள எஃகுக் கட்டை. ஒரு முனை சரியான துளைக்குள் போக வேண்டும். சிவப்பு வளையம் போட்ட மறுமுனை போகக் கூடாது. போனால் துளை பெரிசு என்று அர்த்தம். சிவப்பு முனையில் கடையில் சுற்றிக் கொடுத்த எண்ணெய்த்தாள் இன்னும் அப்படியே இருந்தது. எவரும் அதைப் பிரித்ததில்லை. போகாது என்று எழுதியிருக்கிற ஒன்றை எதற்காகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது ராமசாமி சாரின் கருத்து.

போக வேண்டிய முனை பெரியப்பாவுக்குள் வெண்ணெயில் போவது போலப் போயிற்று. தேர்ச்சி. பெரியப்பா ஜன்னல் வழியாகக் கிளம்பினார்.

பன்னிரண்டாம் எண்காரனுக்குப் பெரியப்பா இன்னும் தயாராகாததால் அடுத்தது செல்லி. அரங்கநாதன் அவள் புஷ்ஷைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இன்னாம்மா இது, உலக்கப் பூண் மாரி இவ்ளோ நீளம்?"

"அளவு தப்பு சார்," என்று ராமசாமி சார் முந்திக்கொண்டார். "போர்டுல தெளிவா பத்தொம்போதுன்னு எழுதிப் போட்ருக்கறன். பாவம், அவ்ளோதான் அவங்களுக்கு. ஃபெயில் போட்டுடுங்க. அடுத்த வருசம் நானே பாத்து ஏத்திவுட்டுடறன்."

ஏத்திவுடறது என்ற சொல் செல்லியின் காதில் கம்பி கத்துவது போலக் கத்தியது.

"புத்தகத்துல அறுவது சார்," என்றாள்.

வேறொரு வருடமாக இருந்தால் அரங்கநாதன் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். இப்போது கடிகாரத்துக்கு வேலை இல்லை. படிக்க ஏதாவது கிடைத்ததே என்று புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அறுபதுதான். அளவுமானியை அவள் புஷ்ஷுக்குள் வைத்தார். அது உடனே போகவில்லை. நேராகப் பிடித்து மெல்ல அழுத்தியபோது, உள்ளே இருந்த காற்று பெருமூச்சு விட்டபடி வெளியேற, போயிற்று.

"பாருங்க, எவ்ளோ டைட்டு!" என்றார் ராமசாமி சார். "அன்புச்செல்வனது எப்டிப் போச்சு!"

"அந்தச் செவப்பு முனைய வுட்டுப் பாருங்க சார்," என்றாள் செல்லி. "என்னுதுல வுடுங்க. அப்பறம் அன்புதுலயும் வுடுங்க."

"ஏய், அதெல்லாம் பிரிக்கக் கூடாது."

"ஏன் சார்? பூஜைக்கா வெச்சிருக்கறீங்க?"

அரங்கநாதன் தாளைப் பிரித்தார். லாட்ஜில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனவர், புதிதாக ஒன்றைப் பிரித்த சந்தோஷத்தில் அதைக் கிழிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சிவப்பு முனை செல்லியின் புஷ் வாயில் போய் நின்றது. திருகிப் பார்த்தார். இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். நின்றது நின்றதுதான்.

"அந்தப் பையன் புஷ்ஷக் கொண்டாங்க."

அதைக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏனென்றால் அது அப்போது லேத்தில் இருந்தது. அன்புச்செல்வன் மூச்சிரைக்க ஓடிவந்து மேசைமேல் வைத்தான். அதன் முகத்தில் பன்னிரண்டு என்று இருந்தது.

அரங்கநாதன் எண்ணைப் பார்த்தார். அன்புச்செல்வனைப் பார்த்தார்.

"குத்தும்போது கை தவறிடுச்சி சார்," என்றான் அன்புச்செல்வன்.

சிவப்பு முனை பெரியப்பாவுக்குள் போயிற்று. போனது மட்டுமில்லை, கையிலிருந்து நழுவி, மறுபக்கமாக வெளியே வந்து, மேசைமேல் டொக்கென்று விழுந்தது. அந்த அறையில் இதற்கு முன் கேட்காத சத்தம் அது.

"நாந்தான் சார் தேய்ச்சன்," என்றாள் செல்லி. "புளி அழுக்கத்தான் எடுக்கும். செங்கத்தூளு பித்தளையவும் எடுக்கும். வருசா வருசம் உள்ள வுட்டுத் தேய்ச்சா துளை பெருசாவாதா? நான் இப்பத்தான் தெரிஞ்சிக்கினன். சார் தெரிஞ்சி வெச்சிருக்கணும் இல்ல?"

அரங்கநாதன் பெரியப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு சின்ன வடு இருந்தது.

"இந்த வடுவ நான் போன வருசமும் பாத்த மாரி இருக்குது."

போன வருடம் கையெழுத்துப் போட்டது தான்தான் என்பது அவருக்கு மெதுவாக நினைவு வந்தது. அதற்கு முந்தைய வருடமும்.

"மாரி இருக்குது. ஆனா இருக்காது," என்று அவர் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்குச் சொன்னார்: "பதிமூணு பாஸ். மத்தவங்க எல்லாரும் புதுசா போட்டுக் காட்டுங்க. ரோடு தொறக்கற வரிக்கும் நான் இங்கதான் இருப்பன். தொறந்ததும் கெளம்பிடுவன்."

அன்புச்செல்வன் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தான். தியாகதுருகம் சாலையில் மரங்களுக்குக் காவல் இருந்தவர்களிடம், போராட்டத்தின் வீரியம் குறைந்துவிடக் கூடாது, இன்னும் ஒரு மரமாவது சாய்க்க வேண்டும் என்று அவன் உருக்கமாகப் பேசியதாகவும், அவனுடைய கொள்கைப் பிடிப்பைப் பார்த்து அவர்கள் வியந்ததாகவும் பின்னால் தெரியவந்தது.

ராமசாமி சார் அதைவிடச் சுருக்கமான வழியைக் கண்டுபிடித்தார். பட்டறைக்கு வந்து செல்லியிடம் கை நீட்டினார்.

"அந்தப் புஷ்ஷக் குடு. அறுவது மில்லி. ஆளுக்கு ஒரு சீவு சீவுனா இந்த வருசம் எல்லாரும் தேறிடுவானுங்க, அப்பறமும் ரொம்ப வருசத்துக்கு ஆவும். இந்தத் தடவ செங்கத்தூளு வேணாம், வெறும் புளி."

"இது எங்கம்மா கொண்டாந்த பித்தள சார்."

"லேத்து நிலையத்துது. கரண்டு நிலையத்துது. அப்ப துளை நிலையத்துதுதான?"

பையன்கள் சுற்றி நின்றார்கள். ஒருவன், "குடு செல்லி, உன் பேரச் சொல்லி நாலு பேரு தேறட்டும்," என்றான்.

செல்லி அவனைப் பார்த்தாள். "என் பேரச் சொல்லியா? சரி, குடுக்கறன். செத்த இருங்க."

புஷ்ஷை உருளாதபடி இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். எண் அச்சுகளையும் சுத்தியலையும் எடுத்தாள். டங். டங். பதிமூன்று. கொஞ்சம் திருப்பினாள். டங். டங். பதிமூன்று. முகத்தில் இல்லை, புஷ்ஷின் முதுகில், பக்கத்தில், வயிற்றில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வரிசை வரிசையாக. முகத்தில் இருப்பதைச் சீவிவிடலாம். மேலெல்லாம் இருப்பதைச் சீவினால் வெளி அளவு போய்விடும், புஷ் புஷ்ஷாக இருக்காது. இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், ராமசாமி சாருக்குக்கூட. யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை; சுத்தியல் அவள் கையில் இருந்தது. பக்கத்து அறையில் அரங்கநாதன் டீ குடித்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டார். எழுந்து வரவில்லை.

வெற்றிலை வைக்கிற அளவுக்குக்கூட இடம் மிச்சமில்லை என்று ஆனதும், துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"இந்தாங்க சார். நிலையத்துக்கு."

ராமசாமி சார் அதை உருட்டி உருட்டி, வெறும் இடம் எங்காவது இருக்கிறதா என்று தேடினார்.

"இத இனிமே யாரு காட்ட முடியும்?"

"நான் காட்டலாம் சார்."

சாயங்காலம் அன்புச்செல்வன் டிராக்டர் அச்சுத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டினான். கம்பியை முழ நீளத்துக்கு வெளியே நீட்டிக் கட்டினான். கைப்பிடியைத் தள்ளினான். லேத்து உதறியது. செல்லி ஸ்டோர் ரூமில் பாவாடைக்கு மாறி, தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

"இன்னா கோட்டா, எந்தப் பக்கம் சுத்தணும்?"

அந்தப் பெயருக்கு அவளுக்குக் காது கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். லேத்து பன்றி மாதிரி கத்தியது.

"செல்லியம்மா! எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்," என்று சொல்லிவிட்டு அவள் வாய்க்கால் கரையை நோக்கி நடந்தாள்.